சுடுற மூட்டை: ஊத்தங்கரை குடோன்ல இருந்து ஈரத்தின் வரலாறு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் வந்த ‘அதாவது’, ‘ஆக்சுவலி’ எல்லாவற்றையும் முடிந்தவரை வெட்டியிருக்கிறேன். மீதி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

போன எபிசோட் கேட்டவங்க நிறைய பேர், ராஜா, போர், கோட்டை இல்லாத வரலாறும் அப்பப்ப பேசுங்கன்னு சொல்லியிருந்தீங்க. இன்னைக்கு அதுல ராஜாவும் இல்ல, கோட்டையும் இல்ல. ஒரு மூட்டை மட்டும்தான் இருக்கு. 50 கிலோ மாட்டுத் தீவன மூட்டை.

2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, வலுவிழந்து, மெதுவா உள்நாட்டுக்கு நகர்ந்துட்டு இருந்த நேரம். புயல்னா கடலூரும் சென்னையும்தான் பயப்படணும்னு நாங்க நினைச்சுட்டு இருந்தோம். எங்க அம்மா ஊரு ஊத்தங்கரை. கிருஷ்ணகிரி மாவட்டம். கடல் எங்கயோ இருக்கு. அன்னைக்குக் காலை எட்டரை மணியோட முடிஞ்ச 24 மணி நேரத்துல அங்க பெய்த மழை 503 மில்லிமீட்டர். ஒரு வருஷத்துல வர்ற மொத்த மழையில பாதிக்கும் மேல, ஒரே நாள்ல. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துல நிறுத்தியிருந்த வேனும் காரும் வெள்ளத்துல பொம்மை மாதிரி போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க.

எங்க மாமாவுக்கு அந்த ஊர்ல ஒரு குடோன் இருக்கு. மைதா, கோதுமைத் தவிடு, மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, மாட்டுத் தீவனம், கோழித் தீவனம். சிமெண்ட் தரை, தகரக் கூரை, ஒரே ஒரு ஷட்டர். அன்னைக்கு உள்ள முழங்கால் அளவு தண்ணி. அடியில இருந்த ரெண்டு வரிசை மூட்டை போச்சு. அதை அப்பவே தூக்கிப் போட்டுட்டார். மேல இருந்ததைப் பார்த்து, “தப்பிச்சுது மாப்ள, சாமி காப்பாத்துச்சு”ன்னு போன்ல சொன்னார்.

கதை அங்க முடியல. மூணு வாரம் கழிச்சு நான் பெங்களூர்ல இருந்து ஊருக்குப் போயிருந்தேன். மாமா என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் தீவன அடுக்குல நாலாவது வரிசை மூட்டை ரெண்டுக்கு நடுவுல விட்டார். “எப்படி இருக்கு?”

சுட்டுச்சு. வெளிய மார்கழிக் குளிர். உள்ள காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி ஒரு சூடு. தண்ணி அந்த வரிசையைத் தொடவே இல்ல. அப்ப எங்க இருந்து வந்துச்சு இந்தச் சூடு? இன்னைக்கு எபிசோடே அந்தக் கேள்விதான். அதுக்குப் பதில் தேடிப் போனா கேழ்வரகுக் குழி, சணல் சாக்கு, இங்கிலாந்துல செத்துப்போன வான்கோழி, கடைசியா நம்ம காலை டீ வரைக்கும் வருது.

மூட்டை மூச்சு விடும்

முதல்ல கொஞ்சம் அறிவியல். சுருக்கமா முடிச்சுடறேன்.

காஞ்ச தானியம்னு நாம சொல்றதுல தண்ணி இல்லாம இல்ல. நெல் கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல இருந்தா வாங்க மாட்டாங்க, டெல்டா விவசாயிகள் அதை 22 ஆக்கச் சொல்றாங்கன்னு வருஷா வருஷம் செய்தி படிக்கிறோம் இல்லையா? அந்த எண்தான் விஷயமே. மாசக்கணக்குல வெச்சிருக்கணும்னா பெரும்பாலான தானியத்துக்கு 14 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். எண்ணெய்ச் சத்து அதிகம் இருக்கிற கடலைக்கும் புண்ணாக்குக்கும் இன்னும் கீழ.

மூட்டை தன்னைச் சுத்தி இருக்கிற காத்தோட எப்பவும் கொடுக்கல் வாங்கல் பண்ணிக்கிட்டே இருக்கும். காத்து காஞ்சிருந்தா ஈரத்தைக் கொடுக்கும். காத்து நனைஞ்சிருந்தா வாங்கிக்கும். காத்தோட ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி பல நாள் நின்னா, பூஞ்சணம் முளைக்கிற அளவுக்கு மூட்டைக்குள்ள ஈரம் ஏறிடும். தண்ணி மேல படவே வேண்டாம்.

முளைச்ச பூஞ்சணம் சும்மா இருக்காது. மாவுச்சத்தைத் தின்னு மூச்சு விடும். அப்ப மூணு பொருள் வெளிய வரும்: கார்பன் டை ஆக்சைடு, சூடு, தண்ணி. கவனிங்க, தண்ணி. 1 கிலோ மாவுச்சத்து இப்படி முழுசா செலவானா அரை கிலோவுக்கு மேல தண்ணி வெளிய வரும். அந்தத் தண்ணி பக்கத்து மூட்டையை நனைக்கும். அங்க பூஞ்சணம் முளைக்கும். அது இன்னும் தண்ணி விடும். கோடு எழுதறவங்களுக்குப் புரியும், நிறுத்தக் கட்டளை இல்லாத லூப் இது.

மாமா குடோன்ல நடந்தது இதுதான். வெள்ளம் வடிஞ்சது. தரை ஈரம். “மறுபடியும் மழை வரும்”னு பயந்து ஒரு வாரம் ஷட்டரை மூடியே வெச்சுட்டார். உள்ள இருந்த காத்து அந்த ஈரத்தையெல்லாம் குடிச்சு மூட்டைகளுக்கு ஊட்டிவிட்டுச்சு. பகல்ல தகரம் சூடாகி, ராத்திரி குளிர்ந்து, விடியக்காலைல கூரையில இருந்து சொட்டவும் செஞ்சிருக்கு. வெளிய மழை நின்னு ரொம்ப நாள் ஆச்சு. உள்ள நிக்கல.

கிடங்கு என்றால் பள்ளம்

சரி, நம்ம ஆளுங்களுக்கு இது தெரியாதா? தெரியும். ரொம்ப நல்லாவே தெரியும்.

நாம பேச்சுல ‘குடோன்’னு சொல்றோம். இங்கிலீஷ்ல இருந்து வந்த சொல். இங்கிலீஷுக்கு அது மலாய் மொழி வழியா போயிருக்கணும்னு சொல்லுவாங்க. அந்த மலாய்ச் சொல்லுக்கு மூலம் நம்ம ‘கிடங்கு’, இல்லன்னா அதோட தெலுங்கு உறவுச் சொல்லா இருக்கலாம்னு சொல்லாய்வாளர்கள் சிலர் கருதறாங்க. அது உண்மைன்னா, சொல் கப்பலேறிப் போய் வேற சட்டை போட்டுட்டுத் திரும்பி வந்திருக்கு. எனக்கு அதைவிட சுவாரசியமா பட்டது வேற. பழைய தமிழ்ல கிடங்குன்னா பள்ளம், குழி, அகழி. பொருள் வைக்கிற கட்டடம்கிற அர்த்தத்துக்கும் குழிங்கிற அர்த்தத்துக்கும் ஒரே சொல்.

எங்க வட்டாரம் கேழ்வரகு வட்டாரம். ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, தருமபுரி இதெல்லாம் பழைய பாராமகால். 1792-ல் திப்பு சுல்தானோட நடந்த மூன்றாம் மைசூர் போர் முடிஞ்சதும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த நிலம். மேற்கே ஏறினா மைசூர் மேட்டுநிலம். அங்க கேழ்வரகைத் தரைக்கு அடியில குழி வெட்டி, வைக்கோல் பரப்பி, தானியத்தைக் கொட்டி, மேல மண் போட்டு இறுக்கி மூடிடுவாங்க. கன்னடத்துல ‘ஹகேவு’. காவிரி டெல்டா பக்கம் மரப் பத்தாயம், மண் குதிர். ஊருக்கு ஊர் வடிவம் மாறும். தத்துவம் ஒண்ணு.

அந்தக் குழி எப்படி வேலை செய்யுது? மூடின குழிக்குள்ள தானியமும் பூச்சியும் மூச்சு விட்டு விட்டு, இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பூச்சி சாகும். பூஞ்சணம் முடங்கும். வெளி ஈரம் உள்ள வராது. இன்னைக்குக் காத்துப் புகாத பிளாஸ்டிக் உறைக்குள்ள தானியம் வைக்கிற நவீன முறையும் இதே வேலையைத்தான் செய்யுது. குழியைத் திறந்த உடனே ஆள் இறங்கக்கூடாது, காத்தாட விடணும்னு வெச்சிருந்ததுக்கும் காரணம் இதுதான். உள்ள மூச்சு விடக் காத்து இருக்காது. இப்படி மூடின கேழ்வரகு வருஷக்கணக்குல நிக்கும்.

இதுல ஒரு விஷயத்தை நான் ரொம்ப நாள் கவனிக்காம விட்டிருந்தேன். அவங்க சேமிச்சது எல்லாமே முழு தானியம். யாரும் மாவைச் சேமிக்கல. தினமும் விடிகாலைல ஏந்திரக் கல்லுல அரைச்சாங்க. அதைப் பெண்களோட முதுகு ஒடிச்ச வேலைன்னு சொல்றது நியாயம்தான். ஆனா அதுக்குள்ள ஒரு சேமிப்பு அறிவும் இருந்துச்சு. தானியத்துக்கு மேல தோல் இருக்கு. அரைச்ச நிமிஷமே அந்தப் பூட்டு உடைஞ்சு போச்சு. மாவு, தவிடு, நொறுக்கின மக்காச்சோளம், தீவனம் எல்லாமே பூட்டில்லாத வீடு. ஈரம், வண்டு, பூஞ்சணம் யாரு வேணா உள்ள போகலாம். சிவப்பு மாவு வண்டுன்னு ஒரு பூச்சி இருக்கு. முழு தானியத்தை அதால சரியா கடிக்க முடியாது. உடைஞ்சதும் மாவும்தான் அதுக்குச் சாப்பாடு. மனுஷன் மாவைச் சேமிக்க ஆரம்பிச்சதுல அதிகம் சந்தோஷப்பட்ட ஜீவன் அதுவாத்தான் இருக்கும்.

சாக்கும் ரயிலும்

பிறகு எல்லாம் மூட்டைக்குள்ள வந்துச்சு. 1855-ல் கல்கத்தாவுக்குப் பக்கத்துல ரிஷ்ராவில் இந்தியாவின் முதல் சணல் ஆலை. 1862-ல் சென்னையையும் மேற்குக் கரையில இருக்கிற பேப்பூரையும் இணைக்கிற ரயில் பாதை முடிஞ்சது. அது ஜோலார்பேட்டை, சாமல்பட்டி, சேலம் வழியா போகுது. சாமல்பட்டிதான் ஊத்தங்கரைக்குப் பக்கத்து ஸ்டேஷன். குழியில படுத்திருந்த தானியம் எழுந்து பயணம் போக ஆரம்பிச்சது.

அந்தப் பயணம் யாருக்கு உதவுச்சு? 1876–78 தாது வருஷப் பஞ்சத்துல சென்னைக் கடற்கரையில தானிய மூட்டைகள் மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. ஊத்தங்கரை அப்ப சேலம் மாவட்டம். அந்த மாவட்டத்தோட மக்கள் தொகை 1871 கணக்குல 19,66,995. 1881-ல் 15,99,595. பத்து வருஷத்துல மூணரை லட்சத்துக்கும் மேல குறைஞ்சிருக்கு. மூட்டையும் ரயிலும் இருந்தா மட்டும் சோறு வந்துடாதுன்னு சொல்ற எண் அது. பஞ்சத்தைப் பத்தித் தனியா ஒரு எபிசோட் பண்ணணும். இப்ப இதோட நகர்றேன்.

சுதந்திரத்துக்கு அப்புறம்தான் மூட்டையை எப்படி வைக்கணும்கிறது அரசாங்கத்தோட கவலையா மாறுச்சு. 1954-ல் வெளிவந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு, விவசாயி அறுவடை நேரத்துல அடிமாட்டு விலைக்கு விக்காம இருக்கணும்னா கிடங்கு வேணும்னு சொன்னது. 1957-ல் மத்திய சேமிப்புக் கிடங்கு நிறுவனம் வந்தது. அடுத்த வருஷம் தமிழ்நாட்டு நிறுவனம். 1965 ஜனவரி 14-ல் இந்திய உணவுக் கழகம், எஃப்.சி.ஐ. அதோட முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர்ல.

இந்தக் கிடங்குகள்ல எழுதி வெச்ச விதிகளைப் படிச்சா, ஒவ்வொரு விதியும் ஈரத்துக்கு எதிரா போட்ட ஒரு வேலின்னு தெரியும். மூட்டையைத் தரையில வைக்காதே, மரச்சட்டம் போட்டு மேல வை. சுவரைத் தொடாதே, ஆள் நடக்கற அளவுக்கு இடம் விடு. ஒவ்வொரு வரிசையையும் மாத்தி மாத்திக் குறுக்கா அடுக்கு. வெளிய காஞ்ச காத்து இருக்கும்போது கதவைத் திற, ஈரக் காத்து இருக்கும்போது மூடு. முதல்ல வந்தது முதல்ல போகணும்.

கடைசி விதிதான் எங்க மாமாகிட்ட இல்லவே இல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்க சிரிப்பீங்க. குடோன்ல மூட்டை அடுக்கை ‘அட்டி’ன்னு சொல்லுவாங்க. நம்ம பாஷையில அதுதான் ஸ்டேக். கடைசியா வந்தது முதல்ல வெளிய போகும். அடியில இருக்கறது போன தீபாவளிக்கு வந்தது, அடுத்த தீபாவளிக்கும் அங்கயே இருக்கும். தானியத்துக்கு வேணும்கிறது க்யூ. இதை மாமாகிட்ட சொன்னேன். “நீ வந்து தினம் மூட்டையை மாத்தி வெச்சுட்டுப் போ”ன்னார். நியாயமான பதில். விதியைக் காப்பாத்த ஆள் வேணும், கூலி வேணும், நடக்க இடம் வேணும். சின்னக் குடோன்ல மூணும் கிடையாது.

இன்னொண்ணும் மாறிடுச்சு. அரிசி, கோதுமை மாதிரி உணவு தானியத்துக்குச் சணல் சாக்கு கட்டாயம்னு 1987-ல் ஒரு சட்டமே இருக்கு. தீவனமும் மைதாவும் பெரும்பாலும் பிளாஸ்டிக் சாக்குலதான் வருது. சணல் ஈரத்தை வாங்கும், விடவும் செய்யும். உள்ளுறை போட்ட பிளாஸ்டிக் சாக்குக்குள்ள ஈரம் ஒரு தடவை போயிடுச்சுன்னா திரும்பி வர வழி தேடணும்.

வான்கோழிகள் செத்த வருஷம்

இது வரைக்கும் கேட்டா, சரி, ஈரமானா கெட்டுப்போகும், தூக்கிப் போட வேண்டியதுதானேன்னு தோணும். 1960 வரைக்கும் பெரும்பாலானவங்களும் அப்படித்தான் நினைச்சாங்க. பூஞ்சணம் புடிச்சதுன்னா நஷ்டம். ருசி போச்சு, எடை போச்சு. அவ்வளவுதான்.

1960-ல் இங்கிலாந்துல வான்கோழிகள் சாக ஆரம்பிச்சது. சில மாசத்துல 1 லட்சத்துக்கும் மேல. வைரஸா? தெரியல. நோய்க்குப் பேர் வைக்க முடியாம ‘டர்க்கி எக்ஸ்’னு வெச்சாங்க. எக்ஸ்னா தெரியாத எண். பண்ணைகளை ஒப்பிட்டுப் பார்த்தப்ப பொதுவா இருந்தது தீவனம். தீவனத்துல பொதுவா இருந்தது பிரேசில்ல இருந்து கப்பல்ல வந்த கடலைப் புண்ணாக்கு.

அந்தப் புண்ணாக்குல வளர்ந்திருந்த பூஞ்சணத்தோட பேர் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அந்த ரெண்டு பேரோட முன்பகுதிகளைச் சேர்த்து, அது உண்டாக்கின விஷத்துக்கு அஃப்ளாடாக்சின்னு பேர் வெச்சாங்க. புற ஊதா வெளிச்சத்துல நீலமா ஒளிர்ந்ததுக்கு ‘பி’, பச்சையா ஒளிர்ந்ததுக்கு ‘ஜி’. இதுல ‘பி 1’ தான் மோசமானது. கல்லீரலைக் குறி வைக்கும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள்ல முதல் வகையில உலக அமைப்பு அதை வெச்சிருக்கு.

இந்தச் செய்தி நமக்கு ஏன் முக்கியம்? அந்தக் காலத்துல இந்தியாவில் குழந்தைகளோட புரதக் குறைக்கு மலிவான மருந்தா நினைச்சது கடலை மாவைத்தான். எண்ணெய் எடுத்த பிறகு மிச்சம் இருக்கிற சத்து. 1971-ல் மைசூர் மருத்துவர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. சத்துக்குறைவால சேர்க்கப்பட்ட குழந்தைகளுக்குப் புரதத்துக்காகக் கொடுத்த கடலை மாவுல அஃப்ளாடாக்சின் இருந்திருக்கு. அந்தக் குழந்தைகளுக்குக் கல்லீரல் சுருக்க நோய் வந்திருக்கு. நல்லது நினைச்சு ஊட்டின கரண்டி அது. ஊத்தங்கரையில இருந்து மைசூர் ஒரு பகல் பயணம். நான் படிச்சதுல என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வெச்சது இந்த ஒரு கட்டுரைதான்.

உலக அமைப்புகளோட புரத ஆலோசனைக் குழு 1966-ல் இந்த மாவுக்கு ஒரு எல்லை வெச்சது: 1 கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். பூஜ்யம்னு வெக்கல. பூஜ்யம்னு வெச்சா பசியில இருக்கிற குழந்தைக்கு அந்த மாவே கிடைக்காம போயிடும். இப்ப சாகறதா, பிறகு நோய் வர்றதான்னு தராசுல வெச்சு எடுத்த முடிவு.

அடுத்து 1974. ராஜஸ்தான்–குஜராத் எல்லை. பன்ஸ்வாரா, பஞ்சமகால் பகுதி ஆதிவாசி கிராமங்கள். அறுவடை நேரத்துல காலம் தப்பின மழை. மக்காச்சோளம் நனைஞ்சது. சாப்பிட வேற இல்லாதவங்க அந்த நனைஞ்ச சோளத்தையே சேமிச்சு அதையே சாப்பிட்டாங்க. மஞ்சள் காமாலை, வயிறு வீக்கம். அதே சாப்பாட்டைத் தின்ன வீட்டு நாய்களுக்கும் அதே நோய். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட ஆய்வாளர்கள் 1975-ல் லான்செட் இதழ்ல எழுதின கணக்கு: 397 பேருக்கு நோய், 106 பேர் சாவு.

வான்கோழிக்கு வேற தீவனம் வாங்கிப் போட ஆள் இருந்தாங்க. இவங்களுக்கு அந்த சோளம்தான் சோளம்.

பாலுக்குள்ள வர்ற மழை

அஃப்ளாடாக்சின் பத்தித் தெரிஞ்சுக்க வேண்டியது மூணு விஷயம். ஒண்ணு, வெயில்ல காயவெச்சா பூஞ்சணம் சாகலாம். ஏற்கெனவே உண்டான விஷம் அப்படியே இருக்கும். ரெண்டு, சமையல் சூட்டுக்கும் பால் காய்ச்சற சூட்டுக்கும் அது அசையாது. மூணு, மாடு அதைத் தின்னா கல்லீரல்ல ‘பி 1’ மாறி ‘எம் 1’ ஆகும். எம்-னா மில்க். ஒரு நாளுக்குள்ளயே பால்ல வந்துடும்.

2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரி எடுத்து இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு ஆய்வு பண்ணுச்சு. அடுத்த வருஷம் முடிவு வந்தது. எல்லாரும் தண்ணி கலப்படம், யூரியான்னு பேசிட்டு இருந்தோம். கலப்படத்தால பாதுகாப்பில்லாம போனதா வந்தது மொத்தமே 12 மாதிரி. அஃப்ளாடாக்சின் எம் 1 அனுமதிச்ச அளவைத் தாண்டியிருந்தது 368 மாதிரியில, 5.7 சதவீதம். மாநில வரிசையில முதல் இடம் தமிழ்நாடு. 551-ல 88. அதாவது ஆறு மாதிரிக்கு ஒண்ணு. காரணம் தீவனம்னு ஆணையமே சொன்னது.

பால்காரரைத் திட்டறது சுலபம். விஷயம் அவருக்கு முன்னாடியே, எங்கயோ ஒரு குடோன்ல நாலாவது வரிசையில சூடா உக்காந்திருக்கு.

இப்ப மாமா குடோனுக்குத் திரும்பலாம். சூடா இருந்த பகுதியைப் பிரிச்சுப் பார்த்தோம். 46 மூட்டை. சிலது கட்டி தட்டிப் போயிருந்தது. சிலதுல பச்சை மஞ்சளா படிஞ்சிருந்தது. சிலது பார்க்க நல்லாத்தான் இருந்தது, வாசனை மட்டும் பழைய பரண் மாதிரி. கிட்டத்தட்ட 60,000 ரூபாய்ச் சரக்கு. வெள்ளத்துல ஏற்கெனவே போனது தனி.

விஷயம் எப்படியோ தெரிஞ்சு ஒருத்தர் போன் பண்ணினார். பாதி விலைக்கு எடுத்துக்கறேன், ரெண்டு வெயில் காட்டி நல்ல சரக்கோட கலந்துட்டா மாடு கேள்வி கேக்காதுன்னார். மாமா உடனே வேண்டாம்னு சொல்லல. “யோசிச்சு சொல்றேன்”னு வெச்சுட்டார். நான் அவரைத் தப்பா பேச மாட்டேன். கடன்ல வாங்கின சரக்கு. என் சம்பளம் மாசம் பொறந்தா வந்துடும். அவருக்கு அப்படி இல்ல.

பரிசோதனைக்கு அனுப்பலாம் மாமான்னு சொன்னேன். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில தீவனப் பரிசோதனைக்கூடம் இருக்கு. கோழிப் பண்ணைக்காரங்க வழக்கமா அங்க அனுப்புவாங்க. மாமா திருப்பிக் கேட்டார்: “46 மூட்டையில எந்த மூட்டையில இருந்து எடுத்து அனுப்புவே?” அதுதான் இந்த விஷத்தோட உண்மையான சிக்கல். அது சீரா பரவாது. ஒரு மூட்டையில ஒரு கைப்பிடியில குவிஞ்சிருக்கும். பக்கத்துல இருக்கிற கைப்பிடி சுத்தமா இருக்கும். மாதிரி சுத்தம்னு வந்தா மூட்டை சுத்தம்னு அர்த்தம் இல்ல.

அப்ப மாமாவுக்கு ஒண்ணு ஞாபகம் வந்தது. முந்தின வாரம் இதே அடுக்குல மேல இருந்து மூணு மூட்டை எடுத்துப் பக்கத்து ஊர் அக்கா ஒருத்தவங்களுக்குக் கொடுத்திருந்தார். மூணு கறவை மாடு வெச்சிருக்காங்க. போன் போட்டார். “அந்தத் தீவனத்தைப் போடாதம்மா, திருப்பி எடுத்துக்கறேன்.” அந்தப் பக்கம் இருந்து வந்த பதில் எனக்கும் கேட்டுச்சு. “ஒரு மூட்டை முடிஞ்சே போச்சே அண்ணா. ஏன், என்ன ஆச்சு? மாடு நல்லாத்தானே இருக்கு, பாலும் நல்லாத்தானே ஊத்திட்டு இருக்கேன்.”

மாமா கொஞ்ச நேரம் போனைக் கையில வெச்சுட்டே இருந்தார். மாட்டுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. பெரிய மாடு தாங்கும். தீவனத்தை நிறுத்தினா சில நாள்ல பாலும் சரியாயிடும். இதெல்லாம் நான் சொன்னேன். “குடிச்சவங்களுக்கு?”ன்னு கேட்டார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அந்தத் தீவனத்துல விஷம் இருந்துச்சா இல்லையான்னே எங்களுக்குத் தெரியாது. இனிமே தெரியவும் போறதில்ல.

மறுநாள் மாமா அந்தப் போன்காரருக்கு முடியாதுன்னு சொல்லிட்டார். அக்காகிட்ட இருந்து மீதி ரெண்டு மூட்டையை எடுத்துட்டு வந்து, மூணுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். எங்க நிலத்து ஓரத்துல ஜே.சி.பி. வெச்சு ஒரு குழி எடுத்தோம். 48 மூட்டை, மேல சுண்ணாம்பு, அதுக்கு மேல மண். கேழ்வரகைக் காப்பாத்தக் குழி வெட்டின ஊர்ல, தீவனத்துக்கிட்ட இருந்து ஊரைக் காப்பாத்த ஒரு குழி.

காஞ்ச ஊரின் பிரச்சனை

இதை யோசிச்சுட்டே பெங்களூர் திரும்பினேன். கடலோரத்துல குடோன் வெச்சிருக்கிறவருக்கு ஈரம் தினசரி எதிரி. அவர் மரச்சட்டம் இல்லாம ஒரு மூட்டை இறக்க மாட்டார். ஊத்தங்கரை காஞ்ச ஊரு. வருஷத்துல பல மாசம் தரையில வெச்சாலும் ஒண்ணும் ஆகாது. சுவர்ல சாய்ச்சாலும் ஒண்ணும் ஆகாது. அந்தப் பழக்கம் முப்பது வருஷம் வேலை செஞ்சது. 503 மில்லிமீட்டர் ஒரே நாள்ல வந்தப்ப, அந்தப் பழக்கம்தான் முதல்ல மூழ்குச்சு. மழை இனிமே இப்படித்தான் வரும்னா, ஈரத்தைப் பத்தின அறிவு கடலோரத்துக்கு மட்டும் இருந்தா போதாது.

மாமா இப்ப ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கியிருக்கார். பழைய பிளாஸ்டிக் தட்டுகளை வாங்கித் தரையில போட்டிருக்கார். சுவர்ல இருந்து ரெண்டு அடி தள்ளி ஒரு மஞ்சள் கோடு. இதனால குடோன்ல முன்ன மாதிரி சரக்கு வைக்க முடியல, வருமானம் குறையுதுன்னு புலம்பவும் செய்யறார். க்யூ மட்டும் இன்னும் வரல. அட்டிதான். ஆனா காலைல ஷட்டர் திறந்ததும் முதல் வேலையா நாலாவது வரிசைக்கு நடுவுல கையை விட்டுப் பார்க்கறார். சூடு இருக்கா, இல்லையா.

உங்க வீட்டுலயும் யாராவது மளிகைக் கடை, மாவு மில், தீவனக் கடை வெச்சிருந்தா இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. மூட்டை சுட்டுச்சுன்னா அது ஏற்கெனவே சொல்ல வேண்டியதைச் சொல்லிடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. தாது வருஷப் பஞ்சம் பத்தின எபிசோட் கண்டிப்பா வரும்.